படகில் சிற்றலை ரேடியோ: ஏரியல் கட்டுவது எப்படி?

கேள்வி: நண்பரின் பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லவிருக்கிறேன். ஃபைபர் படகு. என்னிடம் இருப்பது சிறிய சிற்றலை ரேடியோ. வீட்டிலேயே ஒரே இரைச்சல். படகில் ஏரியலுக்கு என்ன செய்வது? (வாசகர், கே.புதூர், மதுரை)

பதில்: முதலில் அந்த இரைச்சலைக் கவனியுங்கள். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் குப்பை கொட்டுபவை. அடுத்த முறை பராமரிப்புப் பணிக்காக உங்கள் பகுதியில் மின்சாரத்தை நிறுத்தும்போது, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு மொட்டை மாடியில் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். மின்தடை பகலில்தான் வரும் என்பதால் 11 முதல் 17 மெகாஹெர்ட்ஸ் வரை தேடுங்கள். இரவு என்றால் 5 முதல் 9. உங்கள் செட்டின் உண்மையான திறமை அப்போது தெரிந்துவிடும்.

கடலில் தெரு இரைச்சல் கிடையாது. ஆனால் படகிலேயே இன்வெர்ட்டரும் சோலார் கன்ட்ரோலரும் இருக்கும். கேட்கும் நேரத்துக்கு மட்டும் அவற்றை அணைக்க நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

ஏரியலுக்கு, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் மெல்லிய தாமிர ஒயர் பத்து மீட்டர் போதும். ஒலிபரப்புவதற்குத்தான் அளவு பார்த்து வெட்ட வேண்டும். கேட்பதற்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மேல் முனையின் பிளாஸ்டிக் உறையைச் சீவாதீர்கள். உப்புக் காற்று உள்ளே புகுந்து தாமிரத்தைப் பச்சை பூக்க வைத்துவிடும். அந்த முனையில் ஒரு மீட்டர் நைலான் கயிறு கட்டுங்கள். இன்சுலேட்டர் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நங்கூரமிட்டுப் பாயை இறக்கிய பிறகு, பாய் ஏற்றும் கயிற்றில் இதைக் கட்டி, பாய்மரத்தை ஒட்டாமல் சாய்வாக மேலே ஏற்றுங்கள். கீழ் முனையை ரேடியோவின் இழுப்பு ஏரியலில் பத்துச் சுற்று சுற்றினால் போதும், உறையோடு சுற்றினாலும் சிக்னல் ஏறும். நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சுற்றுகளைக் குறையுங்கள். சிறிய செட்டுகளுக்கு அதிக சிக்னலும் ஆகாது.

படகு ஓடும்போது பாய்க் கயிறு சும்மா இருக்காது. அப்போது பாய்மர உச்சியிலிருந்து பின்முனைக்கு வரும் இரும்புக் கம்பியில், ஒரு கிளிப் மூலம் ஒயரை மாட்டிப் பாருங்கள். பல படகுகளில் அதுவே ஏரியலாகிவிடும். ஆனால் அந்தக் கம்பியையே ஒலிபரப்புக் கருவிக்கு ஏரியலாக வைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் தொடாதீர்கள். அவர்கள் பேசத் தொடங்கிய நொடியில் உங்கள் ரேடியோ கருகிப்போகலாம்.

தொலைவில் இடி கேட்டாலே ரேடியோவிலிருந்து ஒயரைக் கழற்றிவிடுங்கள்.