மசக்கை: மகப்பேறு மருத்துவரின் கேள்வி பதில்

கேள்வி: ஏழாவது வாரம். குமட்டல் காலையில்தான் வரும் என்றார்கள். எனக்கோ மாலையில்தான் அதிகம். இது இயல்புதானா?

பதில்: இயல்புதான். 'மார்னிங் சிக்னஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் 'காலை' ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த குழப்பம் இது; நம்முடைய 'மசக்கை' என்ற சொல்லில் எந்தப் பொழுதும் இல்லை. கருவுற்றவர்களில் 10 பேரில் 7 பேருக்காவது குமட்டல் வருகிறது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாந்தியும் இருக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், பெரும்பாலும் 4 முதல் 7 வாரத்துக்குள் தொடங்கி, 9ஆம் வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணியும். 20ஆம் வாரத்துக்குப் பின்னும் தொடர்வது சிலருக்கே.

வெறும் வயிறுதான் மசக்கையைக் கூட்டும் முதல் எதிரி. ஆகவே மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கைத் தற்காலிகமாக மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையளவு உண்ணுங்கள். படுக்கையை விட்டு எழும் முன்பே உலர்ந்த பண்டம் எதையாவது மென்றுவிட்டு, சற்று நேரம் கழித்து எழுந்திருங்கள். சோற்றோடு தண்ணீரைச் சேர்த்துக் குடிக்காமல் அரை மணி நேர இடைவெளி விடுங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு என்பதால் பலருக்கு அதுவே இறங்குகிறது. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால், மருத்துவரிடம் சொல்லிச் சில வாரங்கள் தள்ளிப்போடலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். வெளிர் மஞ்சளாக இருக்கும்வரை கவலை வேண்டாம்.

கேள்வி: இதெல்லாம் மனப்பிரமை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையில் எதனால் வருகிறது?

பதில்: மனப்பிரமை அல்ல என்று வீட்டில் உரக்கவே சொல்லுங்கள். கருவும் நச்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. அது மூளைத்தண்டில் தன்னை உணர்ந்துகொள்ளும் ஏற்பி என்ற புரதத்தைத் தொட்டதும் குமட்டல் எழுகிறது. 2023 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு இன்னொரு நுட்பத்தையும் காட்டியது. கருவுறும் முன்பு இந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்த பெண்களுக்கே, அது திடீரென உயரும்போது, பாதிப்பு கடுமையாகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறு உள்ள பெண்களின் உடலில் அது முன்பே மிகுதியாக இருப்பதால், அவர்களில் பெரும்பாலோருக்கு மசக்கை அவ்வளவாக வருவதில்லை. ஆகவே ஒருத்தி தாங்குகிறாள், மற்றவள் துவண்டுபோகிறாள் என்றால், அது மன உறுதியின் வேறுபாடு அன்று.

கேள்வி: வாந்தி அதிகமாக இருந்தால் பெண் குழந்தை என்பது உண்மையா?

பதில்: வாந்தியை வைத்துக் குழந்தையின் பாலினத்தைச் சொல்ல முடியாது.

கேள்வி: ஆறு வாரம் முடிந்தது, எனக்குக் குமட்டலே இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறதா என்று பயமாக இருக்கிறது.

பதில்: 10 பேரில் இரண்டு மூன்று பேருக்கு அது வருவதே இல்லை, அவர்களும் நலமாகவே பெற்றெடுக்கிறார்கள். உதிரப்போக்கோ அடிவயிற்று வலியோ வந்தால் மட்டும் உடனே ஸ்கேன் தேவை.

கேள்வி: குமட்டலுக்கு என் மருத்துவர் டாக்ஸிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை எழுதியிருக்கிறார். கர்ப்ப காலத்தில் மாத்திரை போட்டுக் கைகால் இல்லாமல் பிள்ளைகள் பிறந்த கதையைச் சொல்லித் தோழி பயமுறுத்துகிறாள்.

பதில்: தோழி சொல்வது தாலிடோமைடு என்ற மருந்தின் கதை. அது கதையும் அன்று, நடந்த கொடுமை. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைபாட்டோடு பிறந்தன. ஆனால் உங்கள் கையில் இருப்பது அந்த மருந்து அன்று. டாக்ஸிலமைனும் பி6உம் சேர்ந்த மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டது. வழக்குகளின் செலவைத் தாங்காமல் நிறுவனமே 1983இல் அதை நிறுத்தியது. நிறுத்திய பிறகு பிறவிக் குறைபாடுகள் குறைந்தனவா என்றால், இல்லை. கடும் வாந்தியோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியது. பல ஆய்வுகள் பாதுகாப்பை உறுதிசெய்த பிறகு, 2013இல் அதே கூட்டுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டாதீர்கள். மருத்துவர் எழுதிய அளவை மீறாதீர்கள்.

கேள்வி: மருந்து நிறுவனங்களுக்காகப் பேசுகிறீர்கள், டாக்டர். நம் பாட்டிமார் மாத்திரை போட்டா பிள்ளை பெற்றார்கள்?

பதில்: பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது, ஐயா. கடும் வாந்தியில் நீர்வற்றி இறந்தவர்களைப் பற்றிக் கேட்க யாருமில்லை. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றும் முறை பரவுவதற்கு முன், கருவைக் கலைப்பது ஒன்றே தாயைக் காக்கும் வழி என்று மருத்துவர்கள் கைவிரித்த காலமும் இருந்தது.

கேள்வி: அப்படியானால் இயற்கையான இஞ்சி போதாதா? எதற்கு இரசாயனம்?

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. இஞ்சிக்கு நான் எதிரி அல்ல. நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவு இஞ்சித்தூள் குமட்டலைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, வாந்தியில் அதன் பயன் குறைவு. ஆனால் இஞ்சியும் இரசாயனங்களின் தொகுப்பே. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே இஞ்சியையும் கூட்ட வேண்டும். இஞ்சியில் அடங்குபவருக்கு இஞ்சி, அடங்காதவருக்கு மாத்திரை, அதற்கும் அடங்காதவருக்கு மருத்துவமனை. இந்த வரிசையில் முதற்படியிலேயே ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தி, 'தாங்கிக்கொள்' என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி: வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரான் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: முதல் மருந்துகள் பயன்தராதபோது மருத்துவர்கள் அதைத் தருவதுண்டு. முதல் மூன்று மாதங்களில் உட்கொண்டவர்களிடையே, 10,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 3 என்ற அளவில் பிளவுபட்ட உதடோ அண்ணமோ கூடுதலாகக் காணப்பட்டதாக ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. மிகச் சிறிய எண்தான். ஆனாலும் மருத்துவரோடு பேசி எடைபோட்டே முடிவெடுங்கள், கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

கேள்வி: வாந்தி எடுத்ததும் பல் துலக்கலாமா?

பதில்: கூடாது. அமிலத்தில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

கேள்வி: எத்தனையாவது வாரத்தில் நிற்கும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரட்டைக் குழந்தைகள் என்றால் மசக்கை கடுமையாக இருக்குமா? ஆண் குழந்தை என்றால் குறையுமா?

பதில்: முதல் பாதிக்கு: இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் பாதிக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன், மூன்றாம் முறை கேட்டாலும் அது மாறாது.

கேள்வி: பதினான்காம் வாரத்தில் புதிதாக வாந்தி தொடங்கியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது.

பதில்: 9ஆம் வாரத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வாந்தியை மசக்கை என்று ஒதுக்கக் கூடாது, காய்ச்சல் மசக்கையின் குணமே அல்ல. சிறுநீர்த் தொற்று, குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கோளாறு என்று பல காரணங்கள் இருக்கலாம். இன்றைக்கே பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: மனைவிக்கு ஒன்பதாம் வாரம். 52 கிலோ இருந்தவள் 48 ஆகிவிட்டாள். நேற்றிலிருந்து தண்ணீர்கூடத் தங்கவில்லை. என்ன உணவு கொடுக்கலாம்?

பதில்: உணவைப் பற்றிய கேள்வி இது இல்லை. கருவுறும் முன்பிருந்த எடையில் 20இல் ஒரு பங்குக்கு மேல் குறைவதே கடும் மசக்கையின் முக்கிய அடையாளம். உங்கள் மனைவிக்கு அந்த எல்லை 2.6 கிலோ, அவர் 4 கிலோ இழந்துவிட்டார். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, உப்புகளின் அளவைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். நாட்கணக்கில் உணவு தங்காதவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின், அதாவது பி1 வைட்டமின், கொடுப்பது அவசியம். தவறினால் மூளை பாதிக்கப்படக்கூடும். சேர்க்கும்போதே எத்தனை நாளாக உணவு தங்கவில்லை என்பதைச் சொல்லுங்கள். சிறுநீர் எப்படி இருக்கிறது?

கேள்வி: காலையிலிருந்து போகவே இல்லை, டாக்டர். நேற்று மிக அடர்த்தியாக இருந்தது. இரவாகிவிட்டதே, விடிந்ததும் அழைத்துப் போகட்டுமா?

பதில்: வேண்டாம், இப்போதே கிளம்புங்கள்.