எடைக்குப் போட்ட பேரேடு

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் மூன்று தலைமுறையாக டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, நடத்துகிறோம். பிப்ரவரியில் முதல்முறையாக மிலான் தோல் கண்காட்சிக்குப் போனேன். முடிந்ததும் டஸ்கனியில் சான்டா குரோச்சே ஊர் டேனரி ஒன்றுக்கு அழைத்தார்கள். மதியச் சாப்பாடே இரண்டரை மணி நேரம். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தாத்தாவைப் பற்றியே கேட்டார்கள். அவர் எழுதிய கணக்கை, புது ஆபீஸுக்கு மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டோம் என்றேன். பேச்சே நின்றுவிட்டது. இத்தாலியர்களிடம் வியாபாரம் பேசுவது எப்படி? மொழி கற்க வேண்டுமா?

வாசகர், ஆம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

மொழி, பத்து வார்த்தை போதும். விலையைச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் எடுக்காதது நல்லதாயிற்று. சரி, அதை விடுங்கள். எடைக்குப் போட்டோம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலேறி பிராட்டோ போனேன். அங்கே ஃபிரான்செஸ்கோ தாத்தினி என்ற வணிகரின் வீடு இருக்கிறது. 1348 கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தவர். சிறுவனாக பிரான்ஸிலுள்ள அவிஞ்ஞோன் நகருக்குப் போய்ப் பிழைத்து, பிறகு பார்சிலோனா, ஜெனோவா என்று கிளைகள் நடத்தியவர். 1410இல் இறக்கும்போது சொத்தை ஊர் ஏழைகளுக்கு எழுதிவைத்தார். அவருடைய காகிதங்கள் 1870இல் அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. சுமார் 1,50,000 கடிதங்கள், 500க்கு மேல் கணக்குப் புத்தகங்கள். மனைவி மார்கெரிட்டாவோடு வீட்டு விஷயம் பேசிய கடிதங்களும் அதில் உண்டு.

அவர் கணக்கின் தலைப்பில் 'கடவுள் பெயராலும் லாபத்தின் பெயராலும்' என்று இருக்கும். அதைப் படித்ததும் அப்பாவின் மளிகைக்கடை நினைவு வந்தது. பேரேட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி. அரிசி அளந்தால் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்றுதான் தொடங்குவார். அவர் பேரேடு ஒன்றுதான் இன்று என்னிடம் மிச்சம். அதைத் தொட்டால் அவர் கையைத் தொட்டதுபோல் இருக்கிறது.

உங்கள் தாத்தா எழுதியதில் என்னென்ன இருந்திருக்கும்? தோல் பதனிட வாங்கிய ஆவாரம்பட்டை வண்டி என்ன விலை, எந்தச் சந்தைத் தோல் நன்றாக நின்றது, யாருக்குக் கடன் கொடுத்தார், பஞ்சகாலத்தில் கூலி எப்படிப் போட்டார். நாமெல்லாம் பட்டையை விட்டு குரோம் உப்பில் பதனிட மாறிவிட்டோம். சான்டா குரோச்சேக்காரர்கள் மரப்பட்டைச் சாற்றில் பதனிடுவதை இன்றும் விடவில்லை. அவர்களுக்கு அந்த ஏடு பொக்கிஷம். அதனால்தான் கேட்டார்கள். இரண்டரை மணி நேரமும் அவர்கள் பேசியது வியாபாரம்தான், தம்பி. மூன்று தலைமுறை என்று பெருமையாக எழுதுகிறீர்கள், அதில் முதல் தலைமுறையைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டீர்கள். இடம் இல்லையென்றா? ஒரு பீரோ அடைக்கிற இடம்!

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் எனக்கும் இதை யாரும் சொல்லவில்லை. நாளைக்கே அந்தக் கடைக்குப் போய்க் கேளுங்கள், ஒரு சிட்டையாவது கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் அப்பாவை உட்காரவைத்து, ஆவாரம்பட்டைக் காலத்தைப் பற்றி அவருக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பக்கத்தை இத்தாலிக்கு அனுப்புங்கள். விலைப்பட்டியலை அப்புறம் அனுப்பலாம்.