பேப்பரை எடுத்து வச்சிட்டு அந்த ராத்திரியைச் சொல்லச் சொல்லுங்க

கேள்வி: எங்க பொண்ணு எட்டாவது படிக்கா. போன வருஷம் எங்க சேகரத்துல (பக்கத்துச் சபைகள் சேர்ந்த சர்ச் வட்டாரம்) நடந்த சண்டே ஸ்கூல் பேச்சுப் போட்டியில ரெண்டாவது நிமிஷத்துலயே வரி மறந்துபோயி அழுதுக்கிட்டே இறங்கிட்டா. இந்த வருஷம் தலைப்பு ‘டாக்டர் ஐடா ஸ்கட்டர்’, 5 நிமிஷம் பேசணும். அவங்கப்பா மூணு பக்கம் எழுதிக் குடுத்து தினம் ராத்திரி ஒப்பிக்கச் சொல்லுதாங்க. இவ மாட்டேன்னு அழுதா. கட்டாயப்படுத்தட்டா, விட்டுரட்டா?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அன்பு சகோதரிக்கு, கட்டாயப்படுத்தவும் வேண்டாம், இப்பவே விட்டுரவும் வேண்டாம். முதல்ல அந்த மூணு பக்கத்தை எடுத்து பீரோல வச்சிருங்க. அவங்கப்பா ஆசையாத்தான் எழுதியிருப்பாங்க, அது எனக்குப் புரியுது, ஆனா மூணு பக்கத்தை 5 நிமிஷத்துல முடிக்கணும்னா மூச்சு விடாம ஓடணும், ஓடுற புள்ளைக்கு ஒரு வரி வழுக்குனா போதும், அடுத்த வரியைப் பிடிக்க கையில ஒண்ணுமே இருக்காது, ஏன்னா அவ மனசுல இருக்குறது வெறும் வரிதான், நடந்த சம்பவம் இல்ல. சில வருஷம் நடுவரா உட்கார்ந்திருக்கேன், மேடையில நின்னுபோன புள்ளைங்க பாதிப்பேருக்கு மேல இப்படித்தான் நின்னாங்க. பாவாடை ஓரத்தை முறுக்கிக்கிட்டே கடைசியா சொன்ன வரியையே மூணு தடவை சொல்லுவாங்க, அடுத்தது வரவே வராது. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

உங்களுக்குக் கிடைச்சிருக்கிற தலைப்பு எவ்வளவு நல்ல தலைப்பு தெரியுமா. பெரும்பாலான புள்ளைங்க “1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார்”னு ஆரம்பிப்பாங்க, நடுவர் பேனாவைக் கூட எடுக்கமாட்டாங்க. உங்க பொண்ணு திண்டிவனத்துல நடந்த அந்த ராத்திரியில இருந்து ஆரம்பிக்கட்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு அமெரிக்காவுல இருந்து வந்த இளம்பொண்ணு ஐடா, மிஷனரியாவே ஆகமாட்டேன், திரும்பிப் போயிருவேன்னு இருந்தவங்க. ஒரே ராத்திரியில ஒருத்தர் பின்னால ஒருத்தரா மூணு பேர் வந்து கதவைத் தட்டுறாங்க, மூணு பேர் வீட்டுலயும் மனைவி பிரசவ வேதனையில. ஐடா நான் டாக்டர் இல்ல, எங்கப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க. ஆம்பளை டாக்டர் எங்க வீட்டுப் பொம்பளையைப் பாக்கக்கூடாதுன்னு மூணு பேரும் திரும்பிப் போயிடுறாங்க. விடிஞ்சதும் சாவு மேளம் கேக்குது. மூணு பொண்ணுங்களும் செத்துப்போயிட்டாங்க.

இதை ஒரு தடவை கேட்ட புள்ளைக்கு மறக்குமா சொல்லுங்க? அதுக்கப்புறம் நடந்தது தானா வரும், அமெரிக்கா போயி டாக்டருக்குப் படிச்சு 1899-ல முடிச்சாங்க, 1900-ல வேலூர்ல ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பிச்சாங்க, 1918-ல பொண்ணுங்களுக்காகவே மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க, அதுதான் இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வேலூர் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இந்த மூணு வருஷம் போதும், வேற வருஷக் கணக்கே வேண்டாம்.

மனப்பாடம் பண்ண வேண்டியது ரெண்டே இடம், “கனம் பொருந்திய நடுவர் அவர்களே” முடிஞ்சு வர்ற முதல் வரி, அப்புறம் கடைசி வரி. நடுவுல உள்ளதை அவ சொந்த வார்த்தையில சொல்லட்டும். நீங்க காய் நறுக்கும்போது பக்கத்துல உட்கார வச்சு “அப்புறம் என்ன ஆச்சு?”ன்னு கேளுங்க. ஒவ்வொரு நாளும் வேற வேற மாதிரி சொல்லுவா, திருத்தாதீங்க. ழகரம் மட்டும் கொஞ்சம் கவனிங்க, அதுக்குத்தான் உச்சரிப்பு மார்க் போகும். நாலாவது நிமிஷம் மணி அடிக்கிற வழக்கம் உங்க சேகரத்துல இருந்தா வீட்டுலயும் ஒரு டம்ளரைத் தட்டிப் பழக்குங்க, அந்தச் சத்தத்துக்கே பயந்து முடிச்சிடுற புள்ளைங்க உண்டு. முந்தின நாள் சாயங்காலம் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயி மைக் முன்னால நிக்க வைங்க, ஸ்டாண்டை அவ உயரத்துக்கு இறக்கிப் பாக்கட்டும். மறந்துட்டா என்ன செய்யணும்னும் இப்பவே சொல்லிக் குடுங்க, வாயை மூடி ஒரு மூச்சு இழுத்துட்டு அடுத்து ஞாபகத்துல இருக்குற சம்பவத்துக்குப் போயிடணும். யாருக்கும் தெரியாது, நடுவருக்கும்தான்.

அவங்கப்பாகிட்ட மெதுவா ஒண்ணு சொல்லுங்க. முதல் பெஞ்சுல உட்கார்ந்து புள்ளையோட சேர்ந்து வாயசைக்கிற அப்பா அம்மாவை நான் நிறைய பாத்திருக்கேன், புள்ளையோட கண்ணு அந்த வாயிலயே ஒட்டிக்கும், அவ்வளவுதான். அவங்க பின்னாடி உட்காரட்டும், வீட்டுல வேணும்னா கதை கேக்குற ஆளா இருக்கட்டும், எழுதிக் குடுக்கிற ஆளா வேண்டாம்.

வேதத்துல வர்ற மோசேயே “நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்”னு கர்த்தர்கிட்டயே சொன்னவர்தானே, அதனால உங்க பொண்ணு பயப்படுறதை விசுவாசக் குறைச்சல்னு மட்டும் யாரும் சொல்லிராதீங்க, வீட்டுல பெரியவங்க சொன்னாலும் நீங்க தடுங்க. இவ்வளவும் செஞ்சு பாத்த பிறகும் வேண்டாம்னா இந்த வருஷம் விட்டுருங்க. ஆராதனையில வேதபாடம் வாசிக்க அவளுக்கு ஒரு வாய்ப்பு குடுங்கன்னு போதகர் ஐயர்கிட்ட கேளுங்க, கையில புஸ்தகம் இருக்கும், அதே மைக், அதே ஜனங்க.