தீர்ப்புக் கேட்டால் ஒரு பாட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

மொஹாலியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சீக்கியர். போன மாதம் முடியை வெட்டிக்கொண்டு, தலைப்பாகை இல்லாமல் வந்தார். வீட்டில் பெரிய ரகளையாம், அப்பா அவரோடு பேசுவதில்லை. நான் ஆர்வத்தில் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். ஐந்து ககரங்களை, அதாவது வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால்சட்டை, குறுவாள் ஆகியவற்றை அணிய வேண்டும் என்ற கட்டளை அதில் எங்குமே இல்லை. அப்படியென்றால் அது சட்டப் புத்தகமா, ஆன்மிக வழிகாட்டியா? வழிகாட்டி மட்டும்தான் என்றால், பிற்பாடு வந்தவர்கள் சேர்த்த விதிகளுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? நண்பரின் அப்பாவிடம் இதை எடுத்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். சீக்கியம் இந்து மதத்தின் ஒரு கிளைதானே என்பதையும் விளக்கினால் நல்லது.

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். சீக்கிய அறிஞர் கான் சிங் நாபா 1898-லேயே ‘நாங்கள் இந்துக்கள் அல்ல’ என்று தலைப்பு வைத்து ஒரு நூல் எழுதிவிட்டார். வீட்டுக்காரரே பெயர்ப்பலகை மாட்டிய பிறகு, வாசலில் நின்று இது யார் வீடு என்று பேச எனக்கு நேரமில்லை.

ஐந்து ககரங்கள் கிரந்தத்தில் இல்லை என்பதை ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் குரு அர்ஜன் பாடல்களைத் தொகுத்துப் பொற்கோயிலில் வைத்தது 1604-ல். குரு கோபிந்த் சிங் ஆனந்த்பூரில், ககரங்களை அணியும் தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்கியது 1699-ல். உங்கள் ‘பிற்பாடு வந்தவர்கள்’ வரிசையில் பத்தாவது குருவே இருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? இன்றைய நடைமுறை விதிகள் ரெஹத் மரியாதா என்ற சின்னப் புத்தகத்தில் இருக்கின்றன. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா கமிட்டி பல வருடம் விவாதித்து 1945-ல் ஏற்றுக்கொண்டது அது. விதி வேண்டுமென்றால் அங்கே போய்ப் பாருங்கள். ஒரு சமூகத்துக்கு அது தேவைதான், இளக்காரம் வேண்டாம்.

கிரந்தம் 1430 பக்கமும் பாட்டு. தேவாரத்தைப் பண்முறையில் அடுக்கியதுபோல, பெரும்பகுதியை 31 ராகங்களில் அடுக்கியிருக்கிறார்கள். குருமார்களோடு நெசவாளி கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், சூஃபி ஃபரீத் எல்லோரும் அதில் உண்டு. ஆனால் ‘ஆன்மிக வழிகாட்டி’ என்ற உங்கள் இரண்டாவது டப்பாவிலும் அது அடங்காது. ஏன் என்பதை நான் ஒரு வாடகை வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

முப்பது வருடம் இருக்கும். டெல்லியில் ஒரு வயதான சர்தார்ஜியின் வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன். மேலே நல்ல காற்றோட்டமான அறை இருந்தது, தரமாட்டேன் என்றுவிட்டார். “அங்கே பாபாஜி இருக்கிறார்.” அவருடைய அப்பா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் ரேடியோவைக்கூடச் சத்தமாக வைக்கவில்லை. கிழவர் இருமக்கூட மாட்டேன் என்கிறாரே என்று ஆச்சரியம் வேறு. பிறகுதான் தெரிந்தது, பாபாஜி என்பது புத்தகம். விடியும் முன் எழுப்பி, விதானத்தின் கீழ் அமர்த்தி, சாமரம் வீசுவார். இரவில் பட்டுத்துணி போர்த்தி உறங்கவைப்பார். அதன் தலைக்கு மேல் யாரும் நடமாடக் கூடாது என்பதால்தான் மாடி அறை அதற்கு. கோபிந்த் சிங் 1708-ல் நாந்தேடில், இனி கிரந்தமே குரு என்று சொல்லிப்போனதை அந்த மனிதர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது நானும் உங்களைப்போல ஒரு மொழிபெயர்ப்பு வாங்கிவைத்திருந்தேன். சர்தார்ஜி மாமிசம் சாப்பிடமாட்டார். ஒருநாள் குரு நானக்கின் வரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனேன். மாமிசம் மாமிசம் என்று மூடர்கள் சண்டையிடுகிறார்கள், அவர்களுக்கு ஞானமும் தெரியாது தியானமும் தெரியாது என்று வரும். பாருங்கள், உங்கள் புத்தகமே சொல்கிறது என்றேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “சாப்பிடு என்றா இருக்கிறது? சண்டை போடுகிறவன் மூடன் என்று இருக்கிறது. இப்போது சண்டைக்கு வந்தது யார்?” என்றார்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் 1920 அக்டோபர் 12-ஐப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். அன்று, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியம் தழுவியவர்கள் கடா பிரசாதத்தோடு பொற்கோயிலுக்கு வந்தார்கள். கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் சர்க்கரை சேர்த்துக் கிண்டியது, நம் கேசரி மாதிரி. பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் கிரந்தத்தையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கேட்பது என்றால் திறப்பது. திறந்த பக்கத்தில் வரும் பாட்டுதான் ஹுக்கம், அதாவது கட்டளை. வந்தது மூன்றாம் குரு அமர்தாசின் பாட்டு, சோரட் ராகம். குணமில்லாதவர்களை அவனே மன்னித்துக்கொள்கிறான், சகோதரா; குருவின் தொண்டில் சேர்த்துவிடுகிறான்.

பிரசாதம் வாங்கப்பட்டது.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், கே. அந்த வரியில் சாதி இல்லை, பிரசாதம் இல்லை, யாரை உள்ளே விடலாம் என்ற பேச்சே இல்லை. ‘குணமில்லாதவர்கள்’ என்றால் யார்? தட்டோடு நிற்பவர்கள் என்று பூசாரிகள் நினைத்திருக்கலாம். சரி, அப்படியே இருக்கட்டும். அவன்தான் மன்னித்துத் தொண்டில் சேர்த்துவிட்டானே, தட்டை வாங்கத்தான் வேண்டும். இல்லை, மறுத்து நிற்கும் பூசாரிகள்தான் அந்தக் குணமில்லாதவர்கள் என்றால்? அப்போதும் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் தொண்டு அந்தத் தட்டை வாங்குவதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டு எதிரே நிற்கிறது. இதையே ஒரு விதியாக எழுதியிருந்தால் இன்னார் இன்னார் என்று பட்டியல் போட்டாக வேண்டும். பட்டியலில் ஓட்டை கண்டுபிடிக்க எந்த ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள்.

அதன்பின் அந்தக் கூட்டம் எதிரே இருந்த, சீக்கியர்களின் உயர் அதிகார பீடமான அகால் தக்துக்குப் போனபோது, பூசாரிகள் அதை விட்டுவிட்டு வெளியேறியிருந்தார்கள். அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா கமிட்டி உருவாயிற்று. ஆமாம், பின்னாளில் விதிப்புத்தகத்தை ஏற்ற அதே கமிட்டிதான்.

உங்கள் நண்பரை மறந்தே போனேன். அவர் ஏன் முடியை வெட்டினார் என்று அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தேடியிருக்கிறீர்கள், பக்கத்து இருக்கையில் கேட்கத் தோன்றவில்லை. மகனோடு பேசாமல் இருக்கும் அப்பாவிடம் தயவுசெய்து பக்க எண்ணைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவர் அந்தப் பக்கங்களைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவராக இருப்பார்.

மொஹாலியிலிருந்து அமிர்தசரஸ் நாலைந்து மணி நேரம்தான். ஒரு சனிக்கிழமை இரவு போய்ச் சேருங்கள். விடிவதற்கு முன் பல்லக்கில் கிரந்தத்தைத் தூக்கி வருவார்கள், ஆசா ராகத்தில் நானக்கின் பாட்டு நடக்கும். மொழிபெயர்ப்பை அறையிலேயே வைத்துவிடுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் பாக்கெட்டையும். அது விதிதான், மறுபேச்சு இல்லாமல் கேளுங்கள்.