ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் எழுதுவது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சொந்த ஊரைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ புத்தகம் எழுத நினைக்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் பழைய கோயிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை, ராஜா யாரும் வந்து போனதாகவும் தெரியவில்லை. இதில் எழுத என்ன இருக்கிறது அண்ணா?

நிறைய இருக்கிறது. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன், என்ன சாப்பாடு என்று எழுதி வரச் சொன்னார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு போன்ற ஊர்கள் அதில் வந்தன. 1918-இல் அது புத்தகமானது. அந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் 1930-களிலும் அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் என்ன மாறியது என்று பார்க்க முடிந்தது. ஊர்ப் பெருமை எதையும் பேசாமலேதான் இவ்வளவும் எழுதினார்கள்.

நீங்கள் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஏரி எது, மடை எத்தனை, மடை திறந்துவிட்டது யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள், அந்த முறை எப்போது நின்றது, ஆழ்துளைக் கிணறு (போர்) போட்ட பிறகு எந்தக் கிணறுகள் வற்றின? அடுத்து, வயல்களுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர்களை எழுதுங்கள். சர்வே எண் மட்டும் தெரிந்த தலைமுறை வந்துவிட்டதால் அந்தப் பெயர்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வரப்பில் நடந்து போனால்தான் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை, அதாவது சர்வே எண்வாரியான நிலப் பதிவேட்டைப் பாருங்கள். ஊரில் இனாம் நிலம் (வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ தானமாகக் கொடுத்த நிலம்) ஏதாவது இருந்திருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1860-களின் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள், யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்பது வரை அதில் இருக்கும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சில ஊர்களுக்கு மட்டும் தனி நூலே போட்டார்கள், உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு 90 தாண்டிவிட்டது. எந்த வருஷம் என்று கேட்டால் "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்கிறார். எப்படிக் கேட்பது?

வருஷத்தைக் கேட்காதீர்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், 1964 டிசம்பர் என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம். நாகப்பட்டினம் பக்கம் என்றால் 1977 நவம்பர் புயல். அவருடைய தாத்தா சொன்ன கதை என்றால் தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலா என்று கேட்கலாம், அது 1876-78. நம் ஆண்டுப் பெயர்கள் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் வெறும் "தாது" என்றால் 1936-ஆகவும் இருக்கலாம், கவனம்.

எதிரில் உட்கார்ந்து பேட்டி எடுப்பதை விட ஒரு பழைய போட்டோவையோ பித்தளைச் செம்பையோ கையில் கொடுத்துவிட்டுப் பேசவிடுவது நல்லது. போனில் பதிவு செய்யுங்கள், அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அப்புறம், பாட்டி இருந்தால் அவரிடம் தனியாகக் கேளுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் முக்கால்வாசிப் பேச்சை அவரே பேசிவிடுவார்.

கேள்வி: பழைய பத்திரத்தில் பசலி 1322 என்று இருக்கிறது. எந்த வருஷம்?

பசலி என்பது நிலவரிக் கணக்குக்கு அரசு வைத்திருக்கும் ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும், ஆகவே பசலி 1322 என்பது 1912 ஜூலை முதல் 1913 ஜூன் வரை. கன்னியாகுமரிப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 825 (ஆவணியில் தொடங்கும் அந்த ஆண்டின் முற்பகுதிக்கு, அதாவது டிசம்பர் வரை, 824) கூட்ட வேண்டும்.

கேள்வி: ஏழு தலைமுறைக்குக் குடும்ப மரம் போட்டுவிட்டோம். ஆனால் பெண்கள் பெயர் மூன்று தலைமுறைக்கு மேல் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. நான் பார்த்த குடும்ப வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை அப்பா, மகன், பேரன் என்று ஏணி மாதிரி ஏறிப் போகின்றன, அம்மாக்கள் யாரும் இல்லாமலே எல்லோரும் பிறந்துவிட்டது போல. அப்படி ஒரு புத்தகம் பாதி வரலாறு என்றுதான் சொல்வேன்.

மொய் நோட்டை எடுங்கள். பரணில் ஏதாவது ஒரு கல்யாணத்து நோட்டு இருக்கும். யார் எந்த ஊரிலிருந்து எவ்வளவு எழுதினார்கள் என்பதில் பெண் கொடுத்த ஊர்களும் எடுத்த ஊர்களும் வரிசையாக வந்துவிடும். தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பாருங்கள், அதுதான் அந்த அம்மாவின் பிறந்த வீடு. அந்த ஊருக்குப் போய்க் கேட்டால் பெயர் கிடைத்துவிடும், ஏனென்றால் புகுந்த வீடு மறந்த பெயரைப் பிறந்த வீடு வைத்திருக்கும். தான செட்டில்மென்ட் பத்திரங்கள், கருமாதிப் பத்திரிகைகள், கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு எல்லாமே உதவும். பேத்திக்குப் பாட்டி பெயர் வைக்கும் வழக்கம் இருந்த குடும்பமா என்றும் கேளுங்கள். ஒப்பாரி பாடத் தெரிந்த பெரியம்மா யாராவது இருந்தால் அதையும் பதிவு செய்யுங்கள், உறவு முறையும் ஊரும் அதில் வரும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஆப்பிரிக்காவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனாராம். கண்டுபிடிக்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்றால் வாய்ப்பு அதிகம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைக் கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம் என்று எழுதினார்கள். மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகள் அங்கே மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமும் உண்டு. எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், முனுசாமி அங்கே மூன்சாமி ஆகிவிட்டார். பெயரை விட ஊரும் தகப்பன் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஊர்ப் பெரியவர்கள் பணம் தருகிறேன் என்கிறார்கள். ஆனால் எங்கள் சாதி அரச வம்சம் என்று எழுத வேண்டுமாம், சேரி பற்றியும் 80-களில் நடந்த சண்டை பற்றியும் வேண்டாமாம். என்ன செய்வது?

அந்தப் பணத்தை வாங்காதீர்கள். ஐம்பது பக்கம் குறைந்தாலும் பரவாயில்லை, உங்கள் கைக்காசில் சின்னதாகப் போடுங்கள்.

வம்சக் கதையை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "எங்கள் பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று யார் சொன்னார் என்ற விவரத்தோடு எழுதலாம். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலை 'எங்கள் ஊர்' என்ற அத்தியாயத்தில்தான் தொடங்குகிறார், ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் பரிகாரமாகத் தானம் கொடுத்து உண்டாக்கியது உத்தமதானபுரம் என்ற கதையும் அதில் உண்டு. கதைக்கு ஊர் வரலாற்றில் இடம் இருக்கிறது. கதையைக் கல்வெட்டு மாதிரி எழுதுவதுதான் தவறு.

சேரியை விட்டுவிட்டு எழுதினால் வயலில் இறங்கியவர்கள், பறை அடித்தவர்கள், ஏரி உடைந்தபோது மண் சுமந்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். மீதி இருப்பதை ஊர் வரலாறு என்று எப்படிச் சொல்வது? சண்டையை இரண்டு பக்கத்திலும் கேட்டு எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்கள் மேல் குற்றம் சொல்கிற இடத்தில் பெயர் வேண்டாம், என்ன நடந்தது, எதனால் நடந்தது, எப்படி முடிந்தது என்பது போதும். வழக்கு ஆகியிருந்தால் தீர்ப்பு நகலை வாங்கிப் படியுங்கள்.

கேள்வி: வீட்டில் ஓலைச்சுவடிக் கட்டும் பழைய போட்டோக்களும் இருக்கின்றன. லேமினேட் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். போட்டோவை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பின்பக்கம் எழுதியிருப்பதையும் ஸ்கேன் செய்யுங்கள். சுவடியை வளைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எண்ணெய் தடவுவது, மை பூசுவது எல்லாம் தெரிந்தவர் கையால் நடக்கட்டும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூரில் சரசுவதி மகால் இரண்டிலும் கேட்கலாம்.

கேள்வி: 200 பிரதி போட்டு உறவினர்களுக்குக் கொடுத்தால் போதாதா?

போதாது. உறவினர் வீட்டில் இருக்கும் புத்தகம் அடுத்த வீடு மாறும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகும். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசம், வாங்கிவிடுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் சென்னை கன்னிமாரா ஒன்று, கொல்கத்தா தேசிய நூலகம் இன்னொன்று. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். ஈழத்து ஊர் என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையதளத்துக்கு மின்பிரதி அனுப்புங்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன, எனவே ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் கோப்பு யூனிகோடில் இருக்கட்டும், பழைய எழுத்துருவில் இருந்தால் பிடிஎஃப்-இல் ஒரு பெயரைக்கூடத் தேட முடியாது. கடைசியில் ஆள்பெயர், ஊர்ப்பெயர் அகராதி (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) கண்டிப்பாகச் சேருங்கள். தன் தாத்தா பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்கத்தான் பாதிப் பேர் உங்கள் புத்தகத்தைத் திறப்பார்கள்.