கணினி கேள்வி பதில்: பவர் பேஜஸில் வாடிக்கையாளர் போர்ட்டல்

நிறுவனங்கள் தங்கள் தரவை வைத்து வெளியாட்களுக்கான வலைத்தளம் அமைக்க உதவும் மைக்ரோசாஃப்டின் பவர் பேஜஸ் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பம்ப்செட் சர்வீஸுக்காகப் புகார் போர்ட்டல் ஒன்று அமைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் லாக்-இன் செய்து புகார் கொடுத்தால் டேட்டாவெர்ஸில் (தளத்தின் தரவு சேரும் மைக்ரோசாஃப்டின் தரவுக் கிடங்கு) ரெக்கார்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் 'என் புகார்கள்' பக்கம் காலியாகவே இருக்கிறது. டேபிள் பர்மிஷனில் (யார் எந்த ரெக்கார்டைப் பார்க்கலாம், மாற்றலாம் என்ற விதி) குளோபல் ஆக்சஸ் கொடுத்துப் பார்த்தோம். அடுத்தவர் புகாரெல்லாம் சேர்ந்து தெரிகிறது. என்ன செய்வது? (வாசகர், கோவை)

பதில்: முதலில் அந்தக் குளோபல் பர்மிஷனை நீக்கிவிடுங்கள். சோதனைக்காகக் கொடுத்து, எடுக்க மறந்த குளோபல்தான் பல போர்ட்டல்களில் ஓட்டையாக நிற்கிறது.

உங்களுக்குத் தேவை கான்டாக்ட் ஆக்சஸ். புகார் ரெக்கார்டில் இருக்கும் கான்டாக்ட் லுக்கப் ஃபீல்டில் (வாடிக்கையாளரின் ரெக்கார்டைச் சுட்டும் ஃபீல்டு) யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே அது அந்த ரெக்கார்டைக் காட்டும். இப்போது டேட்டாவெர்ஸில் ஒரு புகாரைத் திறந்து அந்த ஃபீல்டைப் பாருங்கள். அனேகமாகக் காலியாக இருக்கும். புகார் கொடுத்தவர் லாக்-இன் செய்திருந்தாலும், நீங்கள் சொல்லாமல் ஃபார்ம் அவர் பெயரை அங்கே எழுதாது. போர்ட்டல் மேனேஜ்மென்ட் ஆப்பில் பேசிக் ஃபார்ம்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் ஃபார்மைத் திறந்து, அடிஷனல் செட்டிங்ஸில் 'அசோசியேட் கரன்ட் போர்ட்டல் யூசர்' என்பதை டிக் செய்யுங்கள். எந்த லுக்கப்பை நிரப்ப வேண்டும் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இனி வரும் புகார்கள் சரியாகிவிடும். ஏற்கெனவே வந்தவற்றை எக்செல்லில் இறக்கி, மின்னஞ்சலை வைத்து ஆளைப் பொருத்தி, லுக்கப்பை நிரப்பித் திரும்ப ஏற்றுங்கள்.

இதைச் செய்த கையோடு இன்னொரு சிக்கல் வரலாம். இதுவரை சேமித்த ஃபார்ம் திடீரென்று 'அனுமதி இல்லை' என்று சொல்லும். ஒரு ரெக்கார்டை இன்னொன்றோடு கோக்கும்போது இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும் என்பதே காரணம். புகார் டேபிளின் பர்மிஷனில் ரீட், கிரியேட்டோடு அப்பெண்டு (இன்னொரு ரெக்கார்டோடு இணையும் அனுமதி) இருக்க வேண்டும். கான்டாக்ட் டேபிளுக்குத் தனியாக ஒரு பர்மிஷன் போட்டு, செல்ஃப் ஆக்சஸில் (அவரவர் ரெக்கார்டு மட்டும்) ரீடும் 'அப்பெண்டு டு'வும் (இன்னொன்று தன்னோடு இணைய விடும் அனுமதி) கொடுங்கள். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் சேமிக்காது.

ஒரே ஆலையின் மூன்று சூப்பர்வைசர்கள் ஒருவர் புகாரை மற்றவர் பார்க்க வேண்டுமானால் அக்கவுண்ட் ஆக்சஸ் சரியாக இருக்கும். மூவரின் கான்டாக்டிலும் அதே நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும். புகாரிலும் நிறுவனத்தின் லுக்கப் நிரம்பியிருக்க வேண்டும்.

புகாரோடு மோட்டாரின் படத்தை நோட்ஸில் இணைக்கச் சொன்னால், நோட்ஸ் டேபிளுக்குப் பேரன்ட் ஆக்சஸில் ரீட், கிரியேட், அப்பெண்டு மூன்றையும் கொடுத்து, தாய் பர்மிஷனாகப் புகாருடையதைக் காட்டுங்கள். அந்தத் தாய் பர்மிஷனிலும் 'அப்பெண்டு டு' வேண்டும். படத்தின் அளவையும் கவனியுங்கள்: இணைப்புக் கோப்புக்கு டேட்டாவெர்ஸ் தானாக வைத்திருக்கும் வரம்பு 5,120 கேபி, அதாவது 5 எம்பி. இன்றைய போன் கேமரா படம் சுலபமாக அதைத் தாண்டும். என்விரான்மென்ட் செட்டிங்கில் 1,31,072 கேபி வரை உயர்த்தலாம். புகார்ப் படத்துக்கு 15 எம்பி தாராளம்.

கேள்வி: எங்கள் போர்ட்டலில் ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்ற விவரங்கள் உள்ளன. லாக்-இன் இல்லாமல் எந்தப் பக்கமும் திறக்காது. இது போதுமா? (வாசகி, சென்னை)

பதில்: போதாது. பக்கத்தைப் பூட்டுவது வேறு, தரவைப் பூட்டுவது வேறு.

2021 ஆகஸ்டில் அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பவர் பேஜஸுக்கு அப்போது பவர் ஆப்ஸ் போர்ட்டல் என்று பெயர். 47 அமைப்புகளின் போர்ட்டல்களிலிருந்து 3.8 கோடி ரெக்கார்டுகள் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி திறந்து கிடந்தன. இந்தியானா மாநில சுகாதாரத் துறையும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. லிஸ்ட்டின் ஓடேட்டா ஃபீடு (பிற மென்பொருள்கள் தரவைப் படிக்கும் முகவரி) திறந்திருந்தது, டேபிள் பர்மிஷன் போடாமல் விடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் டேபிள் பர்மிஷனைத் தானாகவே அமலாகும்படி மாற்றியது. அப்படியும் 2024 நவம்பரில் ஆப்ஆம்னி நிறுவனம் இதே தளத்தில் இன்னொரு கசிவை வெளிப்படுத்தியது: பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ் ஊழியர்கள் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரம். இந்த முறை பர்மிஷன் இருந்தது. அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டிருந்தது.

உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. லாக்-இன் செய்த எவருக்கும் 'ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற வெப் ரோல் (பர்மிஷன்கள் கொடுக்கப்படும் பயனர் வகை) தானாகவே சேரும். சுயப் பதிவு திறந்திருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் ஒரு மின்னஞ்சலைக் கொடுத்து இரண்டு நிமிடத்தில் அந்த ரோலுக்குள் வந்துவிடலாம். பர்மிஷன்கள் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு ரோலில் கான்டாக்ட் ஆக்சஸ் என்று கச்சிதமாகக் கட்டிவைத்துவிட்டு, இன்னொரு ரோலில் அதே டேபிளுக்குக் குளோபல் இருந்தால், இரண்டு ரோலும் உள்ளவருக்கு எல்லாமே தெரியும்.

இன்றே செய்யக்கூடிய சோதனை இது. பிரவுசரில் பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து, தள முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு, ஓர் அடிக்கோடு, 'ஏபிஐ', மறுபடி சாய்கோடு, பிறகு டேபிளின் பன்மைப் பெயர் என்று தட்டுங்கள். பிழைச் செய்தியோ காலி விடையோ வந்தால் நல்லது. பெயரும் எண்ணுமாக வரிசையாக வந்தால் அந்தப் பர்மிஷனை அந்த நிமிடமே நிறுத்துங்கள். 'ஏபிஐ'க்குப் பதிலாக 'ஓடேட்டா' என்று போட்டும் பாருங்கள். பிறகு ஒரு புது மின்னஞ்சலில் நீங்களே வெளியாளாகப் பதிவுசெய்து, லாக்-இன் செய்த நிலையில் இரண்டையும் மறுபடி பாருங்கள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது சோதனையைத்தான்.

வெப் ஏபிஐ (ஸ்கிரிப்ட் தரவைப் படிக்கவும் எழுதவும் பயன்படுத்தும் வழி) திறந்திருக்கும் ஒவ்வொரு டேபிளுக்கும் சைட் செட்டிங்கில் 'ஃபீல்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் நட்சத்திரக் குறி இருந்தால் எல்லா ஃபீல்டும் போகும். அதை அழித்துவிட்டுத் திரைக்குத் தேவையான ஃபீல்டுகளை மட்டும் கமா போட்டு எழுதுங்கள். ஆதார் எண் அந்த வரியில் வர வேண்டிய அவசியமே இல்லை. வெளியாட்கள் பதிவு செய்யத் தேவையில்லை என்றால் 'ஓப்பன் ரெஜிஸ்ட்ரேஷன்' செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கி, இன்விடேஷன் அனுப்பி ஆள் சேருங்கள். கூகுள் போன்ற வெளி லாக்-இன் வைத்திருந்தால், அந்த லாக்-இன்னுக்குரிய பதிவு செட்டிங்கையும் தனியாக அணைக்க வேண்டும்.

தளத்தை வடிவமைக்கும் டிசைன் ஸ்டுடியோவில் செக்யூரிட்டிக்கென்றே தனிப் பகுதி வந்துவிட்டது. அங்கே செக்யூரிட்டி ஸ்கேன் ஓட்டலாம். ஓட்டுங்கள். ஆனால் எந்த வாடிக்கையாளர் எதைப் பார்க்கலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஸ்கேனுக்குத் தெரியாது. மேலே சொன்ன சோதனைக்கு அது மாற்று ஆகாது.

கேள்வி: தளம் தயார். லிங்க் அனுப்பினால் வாடிக்கையாளருக்கு மைக்ரோசாஃப்ட் லாக்-இன் பக்கம் வருகிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: புதிய தளம் எப்போதும் 'பிரைவேட்' நிலையில்தான் பிறக்கும், உங்கள் நிறுவனக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டுமே திறக்கும். செக்யூரிட்டி பகுதியில் சைட் விசிபிலிட்டியைப் 'பப்ளிக்' ஆக்குங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் உங்கள் நிறுவன அட்மின் தடுத்து வைத்திருக்கலாம். டிரையல் தளம் என்றால் 30 நாளுக்குள் புரொடக்‌ஷனுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டேட்டாவெர்ஸில் விலையை மாற்றினால் தளத்தில் பழைய விலையே நிற்கிறது. சில சமயம் உடனே மாறுகிறது. (வாசகர், மதுரை)

பதில்: தளம் தரவின் நகல் ஒன்றைச் சர்வரில் வைத்துக்கொள்கிறது, அதுதான் கேஷ். தளத்தின் ஃபார்ம் வழியாக மாற்றினால் அதற்கு உடனே தெரியும். பின்னாலிருந்து, ஆப்பிலோ ஃப்ளோவிலோ மாற்றினால் 15 நிமிடம் வரை ஆகலாம். அவசரமென்றால் அட்மின் ரோலில் லாக்-இன் செய்து, முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு, ஓர் அடிக்கோடு, 'சர்வீசஸ்', சாய்கோடு, 'அபௌட்' என்று தட்டினால் கிளியர் கேஷ் பொத்தான் இருக்கும். பக்கம், ஃபார்ம், செட்டிங் போன்ற அமைப்பை மாற்றியவர்கள் டிசைன் ஸ்டுடியோவில் பிரிவியூ அழுத்தினாலே போதும்.

கூட்டம் மிகுந்த நேரத்தில் கேஷை அழிக்காதீர்கள். எல்லா நகலையும் அது மறுபடி எடுக்க வேண்டியிருப்பதால் தளம் திணறும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் விலையோ இருப்போ காட்ட வேண்டியிருந்தால் இந்த 15 நிமிடத்தைக் கணக்கில் வைத்தே பக்கத்தைத் திட்டமிடுங்கள்.

கேள்வி: சொந்த டொமைன் இணைக்கும்போது சான்றிதழ் கோப்பை ஏற்க மறுக்கிறது. ஒருவழியாக ஏற்றிய பிறகு லாக்-இன் நின்றுவிட்டது. (வாசகர், சேலம்)

பதில்: கடவுச்சொல்லோடு கூடிய பிஎஃப்எக்ஸ் கோப்பு (சான்றிதழையும் தனிச்சாவியையும் ஒன்றாகக் கட்டியது) வேண்டும். தனிச்சாவி குறைந்தது 2,048 பிட். இடைநிலைச் சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். டிரிபிள் டெஸ் என்ற பழைய குறியாக்க முறையில் பூட்டியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் மாட்டியிருப்பீர்கள்: இந்தக் கோப்பைத் தயாரிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 கருவி தானாக ஏஇஎஸ் என்ற புதிய முறையில் பூட்டிவிடும். 'லெகசி' ஆப்ஷன் கொடுத்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

லாக்-இன் நின்றதற்குக் காரணம் ரீடைரக்ட் முகவரி. என்ட்ராவிலோ (மைக்ரோசாஃப்டின் லாக்-இன் சேவை) கூகுளிலோ பழைய முகவரிதான் பதிவாகியிருக்கிறது. புது டொமைனையும் அங்கே சேருங்கள். என்ட்ராவில் என்றால் பிழை எண்ணின் கடைசியில் 50011 என்று வந்திருக்கும்.

சான்றிதழ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உலாவிகளும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து ஆயுளைக் குறைத்துக்கொண்டே வருகின்றன: 398 நாளாக இருந்தது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள். வருடத்துக்கு ஒரு முறை கையால் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

கேள்வி: ரியாக்டில் எழுதிய தளத்தை இதில் ஏற்றலாம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்மைதான். 2025இல் வந்த வசதி. ரியாக்ட், ஆங்குலர், வ்யூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் எதில் எழுதினாலும் பில்டு செய்து, மைக்ரோசாஃப்டின் 'பேக்' கட்டளைக் கருவியின் 'அப்லோட் கோட் சைட்' கட்டளையால் ஏற்றலாம். ஏற்றியதும் 'இனாக்டிவ் சைட்ஸ்' பட்டியலில் நிற்கும், அங்கே போய் ஆக்டிவேட் செய்ய வேண்டும். முதல் தடவையே தோற்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: என்விரான்மென்டின் தடை செய்யப்பட்ட கோப்பு வகைகளில் ஜேஎஸ் இருக்கும். அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

இவ்வகைத் தளத்தில் லிக்விட் (பவர் பேஜஸ் பக்கங்களின் வார்ப்புரு மொழி) கிடையாது, பக்கங்களை டிசைன் ஸ்டுடியோவில் திருத்தவும் முடியாது. தரவெல்லாம் வெப் ஏபிஐ வழியேதான். ஆகவே சென்னை வாசகிக்குச் சொன்ன ஒவ்வொரு வரியும் உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஸ்கிரிப்டில் எழுதும் எதையும் பார்வையாளர் படிக்க முடியும். ரகசியச் சாவி எதையும் அங்கே வைக்காதீர்கள். தரவை எழுதும் அழைப்புகளில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனையும் (அழைப்பு உங்கள் தளத்திலிருந்தே வந்ததென்று காட்டும் குறியீடு) சேர்த்து அனுப்ப வேண்டும். செட்டிங்கில் டேபிளின் ஒருமைப் பெயர், அழைக்கும் முகவரியில் பன்மைப் பெயர்: இதை மாற்றிப் போட்டுவிட்டு அரை நாள் தேடுபவர்கள் அதிகம்.

கேள்வி: உரிமக் கட்டணத்தில் ஒருவர் பத்து முறை வந்தால் பத்தாகக் கணக்கா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லை. ஒரு மாதத்தில், ஒரு தளத்தில், ஒருவர் எத்தனை முறை வந்தாலும் ஒன்றுதான். அதே ஆள் உங்களின் இரண்டாவது தளத்துக்கும் வந்தால் அது தனிக் கணக்கு. லாக்-இன் செய்பவர்களுக்கு 100 பேர் கொண்ட தொகுப்பாகவும், லாக்-இன் இல்லாமல் பார்ப்பவர்களுக்கு 500 பேர் கொண்ட தொகுப்பாகவும் வாங்கலாம். டீலருக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று இரண்டு தளம் கட்டும் எண்ணம் இருந்தால், ஒரே தளத்தில் இரண்டு வெப் ரோலாக அதைச் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள்.