தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்லுங்கள்

வேலை வாசல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மின்னியல் டிப்ளோமா முடித்து, மலேசியாவில் கூலிம் பக்கம் இரண்டு தொழிற்சாலைகளில் டெக்னீஷியன் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கேட்டதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னேன். இரண்டும் கிடைக்கவில்லை, 'பேச்சு போதவில்லை' என்றார்கள். பெரியவர்கள் முன் அதிகம் பேசாதே என்று தோட்டத்தில் வளர்ந்தவள் நான். என்ன செய்வது?
(வாசகி, பாடாங் செராய்)

பதில்: உங்கள் பணிவில் குறையே இல்லை, தங்கை. அதைப் புரிந்துகொள்ளும் பழக்கம் எதிரில் இருப்பவருக்கு இல்லை, அவ்வளவுதான். தோட்டக் கணக்கரான கிராணியார் முன் கண்ணைத் தாழ்த்தி நிற்பது தோட்டத்தில் மரியாதை. தொழிற்சாலை அதிகாரிக்கு அது 'விஷயம் தெரியவில்லை' என்று படலாம். 'சரி' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் அசைக்கிறோமே, அதைச் சீனரோ மலாய்க்காரரோ 'இல்லை' என்றுகூட எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே தலையசைத்தாலும் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

கண்ணைத் தாழ்த்தாமல் பேசுங்கள், அதற்காக வெறித்துப் பார்க்க வேண்டாம். கேள்வி வரும்போது முகத்தைப் பாருங்கள், யோசிக்கும்போது பார்வை விலகலாம், பதிலின் கடைசி வரியில் திரும்ப முகத்துக்கு வரட்டும். மூவர் உட்கார்ந்திருந்தால் கேட்டவரிடம் தொடங்கி, இடையில் மற்றவர்களையும் பார்த்து, கேட்டவரிடமே முடியுங்கள். மலாய் ஆண் அதிகாரியிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். அவர் நீட்டாவிட்டால் வலக்கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை தாழ்த்தினால் போதும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் பதிலின் நீளம். 'பழுது ஏதாவது பார்த்திருக்கிறீர்களா?' என்றால் 'பார்த்திருக்கிறேன், சரிசெய்தேன்' என்று நிறுத்திவிடுகிறோம். பல நிறுவனங்களில் எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பதில் மதிப்பெண் போடுகிறார்கள். சொல்லாமல் விட்டதற்கு மதிப்பெண் கிடையாது. நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் ஒன்றரை நிமிடம் பேசுங்கள். முதல் இரண்டுக்கும் சேர்த்து 20 விநாடி, செய்ததற்கு ஒரு நிமிடம், விளைவுக்கு 10 விநாடி.

உதாரணமாக: 'தொழிற்பயிற்சியில் ஒரு மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகி நின்றது. காரணம் தேடச் சொன்னார்கள். கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்தேன். மோட்டாரின் நேம்பிளேட்டில் எழுதியிருந்த அளவுக்குள்தான் இருந்தது. மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் ரிலே துண்டிக்கும் அளவைத்தான் அதைவிடக் குறைத்து வைத்திருந்தார்கள். சூப்பர்வைசரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு ரிலேயைத் திருத்தினேன். அந்த ஷிஃப்ட் முடியும்வரை மோட்டார் நிற்கவில்லை.' இதில் அளவு இருக்கிறது, அனுமதி கேட்ட பண்பு இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. இது ஒரு மாதிரி மட்டுமே; உங்கள் அனுபவத்தில் உண்மையாக நடந்ததையே சொல்லுங்கள். அடுத்த கேள்வி 'எத்தனை ஆம்பியர்?' என்று வந்தால் மனப்பாடம் கைகொடுக்காது.

கேள்வி: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி உடல்மொழியும் குரலும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா?
(வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: அதை நம்பித் தயாராகாதீர்கள். உளவியல் ஆய்வாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள். மேலே சொன்ன ரிலேயைப் பற்றிய பதிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குரலும் முகமும் சொல்லுக்குத் துணை நிற்கும்; சொல்லே இல்லாத இடத்தில் எதற்குத் துணை நிற்கும்?

கேள்வி: மலாயில் நேர்காணல் என்றாலே தடுமாறுகிறேன்.
(வாசகர், லூனாஸ்)

பதில்: இலக்கணப் பிழை பெரிதல்ல, ஐயா. உங்களைச் சொல்லும்போது 'சாயா' என்றே சொல்லுங்கள். நண்பர்களிடம் சொல்லும் 'ஆக்கூ' அங்கே மரியாதைக் குறைவு. 'காமி' என்பது நம் 'நாங்கள்', 'கீத்தா' என்பது நம் 'நாம்'. தமிழருக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே வரும். பழைய முதலாளியிடம் நீங்களும் நண்பர்களும் செய்த வேலைக்குக் 'காமி'. அதைச் சொன்ன கையோடு, அதில் உங்கள் பங்கு எது என்று 'சாயா' போட்டுத் தனியாகச் சொல்லுங்கள். 'காமி'யோடு நிறுத்தினால் வேலையைச் செய்தது யார் என்று நேர்காணல் நடத்துபவருக்குத் தெரியாது. கேள்வி புரியாவிட்டால் ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். 'நீங்கள் கேட்பது இதுதானே?' என்று உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லி உறுதிசெய்துகொண்டு, பிறகு தொடங்குங்கள்.